குறைந்தபட்ச ஊதியமும் வாழ்க்கை ஊதியமும்: கணக்கு எங்கே பிரிகிறது?

பேரேடு (கேள்வி)

சம்பளக் கணக்கு பார்ப்பவர்களுக்கும் தொழிற்சட்டம் தெரிந்தவர்களுக்கும் ஒரு கேள்வி.

சரக்கு வாங்கும் நிறுவனங்கள் அனுப்பும் படிவங்களில் இப்போது மூன்று கட்டங்கள் வருகின்றன. ஒன்று, சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம். இரண்டு, வாழ்க்கை ஊதியம். மூன்று, நாம் தருவதற்கும் வாழ்க்கை ஊதியத்துக்கும் உள்ள இடைவெளி. முதல் கட்டத்தை அரசாணையைப் பார்த்து நிரப்பிவிடலாம். இரண்டாவதற்கு எந்த அரசாணையும் கிடையாது. குறைந்தபட்சத்துக்கு மேலே 10, 15 விழுக்காடு கொடுத்தாலே அது வாழ்க்கை ஊதியம் ஆகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படித்தானா? இல்லையென்றால் அந்த எண் எங்கிருந்து வருகிறது? கையால் ஒருமுறை போட்டுப் பார்க்கிற அளவுக்கு யாராவது விளக்க முடியுமா?

---

துலாக்கோல்

அப்படி இல்லை. இரண்டும் வெவ்வேறு இடத்தில் பிறக்கிற எண்கள். ஒன்றின் மேல் விழுக்காடு ஏற்றினால் மற்றொன்று வராது.

குறைந்தபட்ச ஊதியம் என்பது தீர்மானிக்கப்படும் எண். அரசோ, வாரியமோ, நீதிமன்றமோ பல தரப்பையும் கேட்டு ஒரு கோடு கிழிக்கிறது. அதற்குக் கீழே கொடுத்தால் குற்றம். உலகத் தொழிலாளர் அமைப்பின் 131ஆம் உடன்படிக்கை (1970) இதற்கு இரண்டு வகை அளவுகோல்களைச் சேர்த்தே சொல்கிறது: தொழிலாளி, அவர் குடும்பம் ஆகியோரின் தேவை ஒரு பக்கம், பொருளாதார நிலை, உற்பத்தித்திறன், வேலைவாய்ப்பு மறுபக்கம். ஆகவே கோடு எங்கே விழும் என்பதில் பேரத்துக்கும் பங்கு உண்டு.

வாழ்க்கை ஊதியம் கணக்கிடப்படும் எண். ஒரு குடும்பம் மரியாதையாக வாழ என்ன செலவாகும் என்று அடியிலிருந்து கூட்டிக்கொண்டு வருவது. அந்த எண்ணைப் போடும்போது முதலாளியால் கொடுக்க முடியுமா என்ற கேள்வி எழுவதில்லை. எப்போது, எப்படி அதை எட்டுவது என்று பேசும்போதுதான் அது வரும். அந்த அமைப்பின் 1919 சாசனத்தின் முகப்புரையிலேயே போதுமான வாழ்க்கை ஊதியம் என்ற சொல் இருக்கிறது. ஆனால் அதற்கு அந்த அமைப்பு ஒரு பொது வரையறையை ஏற்க 2024 ஆகிவிட்டது. அந்த வரையறையில் பிடித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: தொழிலாளியும் குடும்பமும், கண்ணியமான வாழ்க்கைத் தரம், வழக்கமான வேலை நேரத்துக்குள். கடைசியில் உள்ளதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மிகைநேரம் பார்த்து எட்டுகிற தொகை வாழ்க்கை ஊதியம் ஆகாது.

குழப்பத்துக்குச் சட்டங்களும் ஒரு காரணம். பிரிட்டனில் 2016 ஏப்ரலில் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டோருக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்கே "தேசிய வாழ்க்கை ஊதியம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அது மணிக்கு 12.21 பவுண்டு. செலவைக் கூட்டி அங்குள்ள அறக்கட்டளை ஒன்று 2024 அக்டோபரில் அறிவித்த வாழ்க்கை ஊதியம் 12.60, லண்டனுக்கு மட்டும் 13.85. முதலாவது சட்டம், இரண்டாவது முதலாளி விரும்பி ஏற்பது. பெயரை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. எப்படி வந்த எண் என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: சராசரியோடு ஒப்பிடுவதும் செலவைக் கணக்கிடுவதாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 நெறியாணை, குறைந்தபட்ச ஊதியம் போதுமானதா என்று பார்க்க நடுநிலை ஊதியத்தில் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகை) 60 விழுக்காடு, சராசரியில் 50 விழுக்காடு என்பவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. எல்லாருடைய சம்பளமுமே தாழ்ந்து கிடக்கும் இடத்தில் அந்த 60 விழுக்காடு வாடகைக்கே பற்றாது.

---

உழக்கு

கணக்குப் பகுதியை நான் சொல்கிறேன். பரவலாகப் பின்பற்றப்படுவது ரிச்சர்ட் ஆங்கர், மார்த்தா ஆங்கர் இருவரும் வகுத்த முறை (கையேடு 2017இல் வந்தது). எந்த நாட்டுப் பணமும் வேண்டாம், "அலகு" என்றே வைத்துக்கொள்வோம். நான்கு பேர் குடும்பம்.

உணவு. சத்து அளவுக்குப் பொருந்துகிற, அந்த இடத்து மக்கள் உண்மையில் சாப்பிடுகிற, அதிலும் மலிவான பொருள்களைக் கொண்டு ஒரு மாதிரி உணவுப் பட்டியல் போட வேண்டும். கலோரி மட்டும் நிரம்பினால் போதாது. மாவுப்பொருளாலேயே கலோரியை நிரப்பிவிட்டால் எண் பாதியாகிவிடும். புரதம் வேண்டும், காய்கனி ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்பது உலகச் சுகாதார அமைப்பின் அளவு, கிழங்குகள் அதில் சேராது. விலையைத் தொழிலாளர்கள் வாங்கும் கடையில், அவர்கள் வாங்கும் பொட்டல அளவில் எடுங்கள். சிறு பொட்டலம் கிலோ கணக்கில் பார்த்தால் விலை கூடுதல். மூட்டை விலையைப் போட்டால் கணக்கு பொய்யாகும். வீணாவதற்கும் உப்பு, மசாலாவுக்கும் சிறு விழுக்காடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு நாளுக்கு 3 அலகு என்று வைத்தால், நால்வருக்கு 12. மாதத்துக்கு 30.42 நாள் (365ஐ 12ஆல் வகுத்தது). ஆக 365.

வீடு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். இப்போது தொழிலாளர்கள் தரும் வாடகையின் சராசரியை எடுக்கக் கூடாது. அந்தச் சராசரிக்குள் ஒழுகும் கூரையும் ஆறு பேர் படுக்கும் ஒற்றை அறையும் இருக்கும். முதலில் தரத்தை எழுதுங்கள்: உறுதியான சுவர், ஒழுகாத கூரை, காற்றோட்டம், கழிப்பறை, பாதுகாப்பான தண்ணீர், இத்தனை சதுர அடி. பிறகு அந்தத் தரத்துக்குப் பொருந்தும் வீடுகளின் வாடகையை மட்டும் விசாரியுங்கள். மின்சாரம், தண்ணீர், சமையல் எரிபொருள் இதில் சேரும். 200 என்று வைப்போம்.

மற்றவை. உடை, போக்குவரத்து, மருத்துவம், படிப்பு, தொலைபேசி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பட்டியலிடப் போனால் முடிவே கிடையாது. அதனால் குடும்பச் செலவு ஆய்வுகளிலிருந்து விகிதம் எடுப்பார்கள்: உணவுக்கு 100 செலவிடும் குடும்பம், வீடும் உணவும் அல்லாதவற்றுக்கு எவ்வளவு செலவிடுகிறது என்று. 80 என்று வைத்தால், 365இல் 80 விழுக்காடு 292.

இந்த விகிதத்தில் ஒரு பொறி உண்டு. ஆய்வு சொல்வது மக்கள் செலவிட்டதை. அவர்களுக்குத் தேவைப்பட்டதை அது சொல்லாது. காசில்லாமல் மருத்துவரிடம் போகாதவரின் மருத்துவச் செலவு ஆய்வில் பூஜ்யம். ஆகவே மருத்துவம், கல்வி இரண்டையும் தனியாகச் சரிபார்த்துக் குறைந்திருந்தால் ஏற்ற வேண்டும். நம் கணக்கில் 23 ஏற்றுவோம்.

365 + 200 + 292 + 23 = 880. எதிர்பாராச் செலவுக்கு 5 விழுக்காடு, அதாவது 44. மொத்தம் 924. இது குடும்பச் செலவு. இன்னும் ஊதியம் ஆகவில்லை.

எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள்? ஒருவர் முழுநேரம், இன்னொரு பெரியவரின் பங்கைப் புள்ளிவிவரத்திலிருந்து எடுப்பார்கள். உழைப்பில் பங்கேற்பு 75 விழுக்காடு, வேலையின்மை 6 விழுக்காடு, பகுதிநேரத்தில் இருப்போர் 30 விழுக்காடு என்றால்: 0.75 × 0.94 × 0.85. கடைசி எண், பகுதிநேரத்தை அரை ஆளாக எடுப்பதால் வருவது (1இலிருந்து 0.30இன் பாதியைக் கழித்தால் 0.85). விடை ஏறக்குறைய 0.6. ஆக 1.6 பேர். 924 ÷ 1.6 = 577.5. இது கைக்கு வரவேண்டிய தொகை.

பிடித்தம். வரி, சமூகப் பாதுகாப்பு என்று மொத்தச் சம்பளத்தில் 10 விழுக்காடு பிடிக்கப்படுகிறது என்றால், 577.5ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும்: 641.67. 1.1ஆல் பெருக்கினால் 635.25தான் வரும். அதில் 10 விழுக்காடு பிடித்தால் கையில் 571.7, தேவைக்குக் கிட்டத்தட்ட 6 அலகு குறைவு. எளிய தவறு, ஆனால் நிரப்பி வரும் படிவங்களில் அடிக்கடி கண்ணில் படுவது.

---

முச்சந்தி

உழக்கு போட்ட கணக்கில் குறையில்லை. ஆனால் அந்த 1.6 சும்மா ஒரு வகுத்தி அல்ல. மற்ற எல்லா எண்ணையும் அப்படியே வைத்துக்கொண்டு அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒருவரே சம்பாதிக்கிறார் என்றால் 1,026.67. இருவரும் முழுநேரம் என்றால் 513.33. அதே வீடு, அதே சோறு. ஊதியம் மட்டும் இரண்டு மடங்கு வித்தியாசம். வாழ்க்கை ஊதியம் என்று ஓர் எண்ணைக் காட்டுபவரிடம் நான் முதலில் கேட்பது குடும்பத்தில் எத்தனை தலை, எத்தனை சம்பளம் என்பதைத்தான். உணவு விலை பற்றியெல்லாம் பிறகு பேசலாம்.

இதில் பழைய சண்டை ஒன்றும் இருக்கிறது. 1907இல் ஆஸ்திரேலியாவின் ஹார்வெஸ்டர் தீர்ப்பில் நீதிபதி ஹிக்கின்ஸ் பயிற்சியில்லாத தொழிலாளிக்கு நாளுக்கு 7 ஷில்லிங் என்று வைத்தார். ஆண் ஒருவர் சம்பாதித்து மனைவியையும் ஏறத்தாழ மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றுகிறார் என்பது அதன் அடிப்படை. அது தாராளமான அளவுகோல்தான். ஆனால் குடும்பத்தைக் காப்பவர் ஆண் என்று ஆனதும், பெண்ணுக்குக் குறைவாகக் கொடுக்க அதுவே சாக்காகிவிட்டது. இப்போதைய முறைகள் ஒன்றுக்கு மேற்பட்ட வருமானத்தை எடுப்பதற்கு நியாயம் உண்டு. அதே சமயம், வீட்டில் சிறு குழந்தையோ நோயாளியோ இருந்து இரண்டாமவர் வேலைக்குப் போக முடியாத குடும்பத்துக்கு 641.67 பற்றவே பற்றாது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயை இந்தச் சராசரி மறைத்துவிடும்.

துலாக்கோல் சொன்ன "ஒன்று தீர்மானம், ஒன்று கணக்கு" என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. இந்தியாவில் குறைந்தபட்ச ஊதியத்துக்கே கணக்கு உண்டு. 1957இன் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வைத்த அளவுகள்: ஒரு தொழிலாளிக்கு மூன்று நுகர்வு அலகு (இங்கே அலகு என்பது பணம் அல்ல, ஒரு வளர்ந்த ஆணின் நுகர்வு; மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவாக எடுப்பதால் நால்வர் சேர்ந்து மூன்று), அலகுக்கு 2,700 கலோரி, நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, தொழிலாளர்களுக்கான அரசு வீட்டுத் திட்டத்தின் அளவில் வாடகை, எரிபொருள், விளக்கு முதலிய சில்லறைச் செலவுக்கு மொத்த ஊதியத்தில் 20 விழுக்காடு. மனைவி மக்கள் சம்பாதிப்பதைக் கணக்கில் எடுக்கவே கூடாது. 1991இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் கல்வி, மருத்துவம், முதுமை, திருமணம் போன்றவற்றுக்கு இன்னொரு 25 விழுக்காட்டைச் சேர்த்தது.

இந்த இரண்டு விழுக்காட்டையும் கூட்டுவதில்தான் வழக்கமாகத் தவறு நடக்கும். அவை மொத்த ஊதியத்தின் விழுக்காடு. உணவு, துணி, வாடகை மூன்றும் சேர்ந்து 110 என்றால் அது மொத்தத்தில் 55 விழுக்காடு; ஊதியம் 110 ÷ 0.55 = 200. ஆனால் 110இன் மேல் 45 விழுக்காடு ஏற்றி 159.5 என்று முடித்துவிடுகிறார்கள். நாற்பது அலகு அப்படியே காணாமல் போகிறது.

---

துலாக்கோல்

முச்சந்தி சொன்ன அளவுகள் சரி. அவை அப்படியே ஒவ்வோர் அரசாணையிலும் இறங்கியிருந்தால் நாம் இந்தப் பேச்சே பேச வேண்டியதில்லை. கணக்கு பரிந்துரையாக நிற்கிறது. அறிவிக்கப்படும் எண் தீர்மானமாகவே வருகிறது. என் வாக்கியத்தை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்.

இந்தியாவைத் தொட்டதால் ஒரு கூடுதல். 1948இன் நியாய ஊதியக் குழு இரண்டோடு நிறுத்தாமல் மூன்று படி வைத்தது: அடியில் குறைந்தபட்ச ஊதியம், உச்சியில் வாழ்க்கை ஊதியம், நடுவில் நியாய ஊதியம். நடுப்படிக்கு மட்டும்தான் தொழிலின் கொடுக்கும் திறன் உச்சவரம்பு. அடிப்படிக்கு அந்தச் சாக்கு செல்லாது. குறைந்தபட்ச ஊதியத்தைக்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்கவே உரிமையில்லை என்று கிரவுன் அலுமினியம் வழக்கில் (1957) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாழ்க்கை ஊதியமோ அரசமைப்பின் 43ஆவது பிரிவில் வழிகாட்டு நெறியாக இருக்கிறது; அதைக் கேட்டு நேராக நீதிமன்றம் போக முடியாது.

---

பேரேடு

மிக்க நன்றி. மூன்றாவது கட்டத்துக்கு வருகிறேன். 641.67ஐயே வைத்துக்கொள்வோம். சம்பளப் பட்டியலில் ஒருவருக்கு அடிப்படை 500, மிகைநேரம் 90, வருகை ஊக்கத்தொகை 40, ஓய்வூதிய நிதிக்கு நிறுவனப் பங்கு 50, ஆண்டுக்கு ஒருமுறை உறுதியாகத் தரும் போனஸ் 240 (மாதத்துக்கு 20). கூட்டினால் 700. அப்படியென்றால் இடைவெளியே இல்லை என்று எழுதிவிடலாமா?

---

உழக்கு

எழுதக் கூடாது. மூன்று சல்லடை இருக்கிறது: வழக்கமான நேரத்துக்குள் கிடைத்ததா, உறுதியானதா, அந்த ஆண்டுக்குள் கையில் வருமா?

மிகைநேரம் 90 முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். வருகை ஊக்கத்தொகை ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் போய்விடும் என்றால் உறுதியானது அல்ல, அதுவும் சேராது. ஓய்வூதியப் பங்கு தொழிலாளிக்கு நல்லதுதான். ஆனால் அதை வைத்து இந்த மாத வாடகை கட்ட முடியாது, ஆகவே கழிக்க வேண்டும். போனஸ் எழுத்தில் உறுதி செய்யப்பட்டது என்பதால் 20 சேரும். 500 + 20 = 520. இடைவெளி 121.67; வாழ்க்கை ஊதியத்தில் 19 விழுக்காடு.

பொருளாகத் தருபவற்றில் (சாப்பாடு, தங்குமிடம், வாகனம்) தொழிலாளிக்கு உண்மையில் மிச்சமாகும் தொகையை மட்டும் எடுக்கலாம், அதற்கும் ஓர் உச்சவரம்பு வைப்பார்கள். வேலைக்கு அவசியமான சீருடை, கருவி இதில் சேராது. விடுதியில் கட்டில் கொடுத்துவிட்டுக் குடும்ப வீட்டு வாடகையைக் கழிப்பதும் நடக்கிறது. தொழிலாளி விடுதியில் இருந்தாலும் அவர் குடும்பம் வேறொரு வீட்டில் வாடகை கட்டிக்கொண்டுதான் இருக்கும்.

சராசரியை எழுதாதீர்கள். எல்லாருடைய சம்பளத்தையும் கூட்டி வகுத்தால் மேற்பார்வையாளர் சம்பளம் துப்புரவாளரின் பற்றாக்குறையை மூடிவிடும். பணி வகைவாரியாக, ஒவ்வொரு வகையிலும் மிகக் குறைந்த சம்பளத்தை எடுத்து எழுதுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்களையும் விடக்கூடாது. துண்டு வேலைக்காரர் என்றால் வழக்கமான நேரத்துக்குள் அவரால் முடிந்த எண்ணிக்கைக்கு உரிய கூலிதான் கணக்கு.

---

நடுப்பக்கம்

மணிக்கணக்கில் கொடுக்கும் இடங்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. 641.67 என்பது மாதத்துக்கு. வாரம் 48 மணி என்றால் மாதம் 208 மணி (48 × 52 ÷ 12), மணிக்கு 3.09. வாரம் 40 மணி என்றால் 173.33 மணி, மணிக்கு 3.70. வேறு ஊரின் மணிக்கூலியை அங்கே வாரத்துக்கு எத்தனை மணி என்று பாராமல் எடுத்துப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு வரை பிசகும்.

மணிக்கூலி சரியாக இருந்து, வாரம் 20 மணி வேலை மட்டுமே கொடுத்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது பாதிதான். வாழ்க்கை ஊதியம் என்ற சான்றிதழ் மணிக்கூலிக்குத்தான். போதுமான மணிநேரம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. சொந்தமாகப் பயிர் செய்பவர், கடை வைத்திருப்பவர் ஆகியோருக்கு இந்தச் சொல்லே பொருந்தாது. அவர்களுக்கு "வாழ்க்கை வருமானம்" என்று தனிக் கணக்கு உண்டு: குடும்பச் செலவு வரைக்கும் இதே வழி, பிறகு சம்பாதிப்பவர் எண்ணிக்கையால் வகுக்காமல் 924ஐக் குடும்பத்தின் மொத்த நிகர வருமானத்தோடு ஒப்பிடுவார்கள்.

---

பேரேடு

கடைசியாக ஒன்று. இப்படிப் போட்ட எண் எத்தனை நாள் தாங்கும்?

---

முச்சந்தி

ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டால் ஏற்றுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடைக்கும் வீட்டுக்கும் நேரில் போய் அடியிலிருந்து மறுபடி போடுங்கள், ஏனென்றால் பொதுக் குறியீட்டில் வாடகைக்கும் உணவுக்கும் உள்ள எடை உங்கள் தொழிலாளி குடும்பத்தின் எடை அல்ல. உணவு விலை மட்டும் எகிறும் ஆண்டில் பொதுக் குறியீடு குறைத்தே காட்டும்.

ஏற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியத்தைப் பாருங்கள்: மணிக்கு 7.25 டாலர், 2009 ஜூலையிலிருந்து. சட்டத்தில் தானாக ஏறும் வழி இல்லை; ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் ஓட்டுப் போட வேண்டும். பல மாநிலங்கள் பொறுக்காமல் தங்கள் அளவில் உயர்த்திக்கொண்டன.

படிவத்தில் எண்ணை மட்டும் எழுதாமல், அதன் பக்கத்திலேயே விலை எடுத்த மாதம், குடும்ப அளவு, சம்பாதிப்போர் எண்ணிக்கை, வார வேலை மணி நான்கையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதைத் திறப்பவர் பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.